காட்பாடியிலிருந்து ஜெர்மனிக்கு ஒரு கோடை: ஜெர்மன் படிக்கும் மாணவர்களுக்கான உதவித்தொகை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கம் கல்லூரியில் ஜெர்மன் எடுத்துப் படிக்கிற பிள்ளைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. நானும் இந்த உதவித்தொகையில் போய் வந்தவர்தான், அதுவும் இரண்டாவது முயற்சியில். ஒவ்வொருவருக்கும் போனில் தனித்தனியாகச் சொல்லும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன்.

இது என்ன உதவித்தொகை? யார் கொடுக்கிறார்கள்?

கொடுப்பது டி.ஏ.ஏ.டி., அதாவது ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு. 1925-ல் ஹைடல்பெர்க்கில் தொடங்கியது, இப்போது தலைமையகம் பான் நகரில். இவர்கள் தருகிற பலவகை உதவித்தொகைகளில் ஒன்று, ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் கோடையில் நடத்தும் மொழிப் படிப்புகளுக்குப் போய்வர உதவும் தொகை. ஜெர்மனில் இதன் பெயர் 'ஹோக்ஷூல்ஸொம்மர்குர்ஸே'. ஹோக்ஷூலெ என்றதும் ஹைஸ்கூல் என்று நினைத்து, இது பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று ஒதுங்கிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சொல்லுக்கு ஜெர்மனில் உயர்கல்வி நிறுவனம் என்று அர்த்தம்.

குறைந்தது 18 நாள் வகுப்பு. மூன்று, நான்கு வாரப் படிப்புகள்தான் அதிகம். காலையில் மொழி வகுப்பு, மாலையில் ஊர், வரலாறு, இலக்கியம், அரசியல் என்று ஏதாவது இருக்கும்.

எவ்வளவு பணம்? திருப்பிக் கட்ட வேண்டுமா?

கட்ட வேண்டாம், இது கடன் இல்லை. படிப்புக் கட்டணத்துக்கும் தங்குமிடத்துக்கும் சேர்த்து ஆயிரம் யூரோவைச் சற்றுத் தாண்டிய தொகையை ஒரே தடவையாகத் தருவார்கள். பயணத்துக்குத் தனியாக ஒரு தொகை உண்டு, மருத்துவக் காப்பீடும் விபத்துக் காப்பீடும் உண்டு. சில ஊர்ப் படிப்புகளில் கட்டணமும் அறை வாடகையும் போனபின் கையில் அதிகம் நிற்காது, அதனால் சாப்பாட்டுக்கும் சில்லறைச் செலவுக்கும் வீட்டிலிருந்து கொஞ்சம் எடுத்துப் போவது நல்லது. ஒரு விஷயம், ஜெர்மன்காரர்கள் ஆயிரத்தைப் புள்ளி வைத்துப் பிரிப்பார்கள், நாம் புள்ளி வைக்கிற இடத்தில் காற்புள்ளி வைப்பார்கள். 1.200,50 என்று இருந்தால் அது ஆயிரத்து இருநூறு யூரோ ஐம்பது செண்ட். ஒரு யூரோ இருபது செண்ட் இல்லை.

நான் பி.ஏ. ஜெர்மன் இல்லை. பி.டெக்.கில் விருப்பப் பாடமாகத்தான் எடுத்திருக்கிறேன். எனக்குக் கிடைக்குமா?

விண்ணப்பிக்கலாம். எந்தத் துறை மாணவரும் விண்ணப்பிக்கலாம். இளங்கலை என்றால் அங்கே போகும் நேரத்தில் இரண்டு ஆண்டு முடிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். முதலாண்டு மாணவர்கள் இதைக் கேட்டு முகம் வாடிப்போகிறார்கள், ஆனால் ஏ1-லிருந்து தொடங்குகிற ஒருவருக்கு (மொழி நிலைகள் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஏறும்) அந்த இரண்டு ஆண்டும் நிச்சயம் தேவைப்படும்.

எந்த நிலை வரை ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும்?

என் பதில் ஒன்றுதான்: பி1 சான்றிதழ் கையில் வந்தபிறகு விண்ணப்பியுங்கள். கோடைப் படிப்பு என்பது ஜெர்மனை ஜெர்மன் வழியாகவே நடத்துகிற இடம். பி1 இல்லாமல் போனால் முதல் வாரம் முழுக்கத் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

ஜெர்மனியின் மொழி, பண்பாட்டு அமைப்பான கதே நிறுவனத்தின் பி1 தேர்வில் நான்கு பகுதிகள். வாசிப்பு 65 நிமிடம், கேட்பது 40, எழுத்து 60, பேச்சு சுமார் 15. ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளி, 60 எடுத்தால் அந்தப் பகுதி தேர்ச்சி. ஒன்றில் தவறினால் அதை மட்டும் மறுபடி எழுதலாம். நம் பிள்ளைகளுக்கு இலக்கணமும் வாசிப்பும் நன்றாக வந்துவிடுகின்றன, கேட்பதில்தான் அடி வாங்குகிறார்கள், ஏனென்றால் ஊரில் ஜெர்மன் காதில் விழ வாய்ப்பே இல்லை. டாய்ச்ச வெல்லே வானொலி நிறுவனத்தின் இணையதளத்தில் மெதுவாக வாசிக்கப்படும் செய்தி இலவசமாகக் கிடைக்கிறது. பஸ்ஸில் போகும்போது அதை இரண்டு தடவை கேளுங்கள், முதல் தடவை எழுத்தைப் பார்க்காமல், இரண்டாவது தடவை பார்த்துக்கொண்டு.

வகுப்புக்கு எங்கே போவது என்றால், கல்லூரி வகுப்பு ஏ2 வரை இழுத்துக்கொண்டு வரும், அதற்குமேல் பெரும்பாலும் சென்னைதான், இல்லாவிட்டால் இணைய வகுப்பு. நான் சனிக்கிழமை விடிகாலையில் காட்பாடியில் ரயில் பிடித்து, சென்ட்ரலில் இறங்கி, நுங்கம்பாக்கத்தில் இருக்கும் மாக்ஸ் முல்லர் பவனுக்கு (கதே நிறுவனத்துக்கு இங்கே அதுதான் பெயர்) போய்விட்டு இரவு திரும்புவேன். ஒரு வழிக்கு இரண்டு மணி நேரம். அரக்கோணம் தாண்டுவதற்குள் இருபது சொல் என்று கணக்கு வைத்திருந்தேன், அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

இன்னொன்று, ஆன்செட் என்று ஓர் இணையத் தேர்வு உண்டு. எட்டுப் பத்திகள் வரும், ஒவ்வொன்றிலும் இருபது சொற்களின் பின்பாதி எழுத்துகளை எடுத்துவிட்டிருப்பார்கள், ஐந்து நிமிடத்தில் நிரப்ப வேண்டும். தேர்வு எழுதாவிட்டாலும் அதன் மாதிரியைப் போட்டுப் பாருங்கள். சொல்லின் கடைசியில் வருகிற -என், -எம், -எர் எல்லாவற்றையும் நீங்கள் சரியாகப் பிடித்திருக்கிறீர்களா என்று நாற்பது நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நான் தமிழ் மீடியம். இங்கிலீஷே தடுமாற்றம். ஜெர்மன் எனக்கு வருமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் பதில் சொல்வேன். வரும். சில இடங்களில் ஆங்கிலம் வழியாக வருகிறவர்களைவிட உங்களுக்குச் சுலபமாகவே வரும்.

'இஷ் ப்ளைபெ ட்ஸு ஹவுஸெ, வைல் இஷ் க்ராங்க் பின்.' உடம்பு சரியில்லாததால் வீட்டிலேயே இருக்கிறேன் என்று அர்த்தம். 'வைல்' என்பது 'ஏனென்றால்'. அது வந்தவுடன் அந்த வாக்கியத்தின் வினைச்சொல் கடைசிக்கு ஓடிவிடுகிறது: வைல், நான், நோயாக, இருக்கிறேன். ஆங்கிலத்தில் யோசிக்கிறவர்கள் இந்த 'பின்'னைக் கடைசியில் வைக்கப் பல மாதம் திணறுவார்கள். நமக்கு வினை கடைசியில் வருவதுதானே பிறந்ததிலிருந்து பழக்கம்? ஆங்கிலத்தை நடுவில் வைக்காமல் தமிழிலிருந்து நேராகப் போங்கள்.

அடுத்து வேற்றுமை. ஐ, கு, இன் என்று உருபு சேர்ந்தால் சொல்லின் வேலை மாறும் என்பதை ஆறாம் வகுப்பிலேயே படித்தவர்கள் நாம். ஜெர்மனில் நான்கு வேற்றுமைதான், நமக்கு எட்டு. அங்கே உருபு பெரும்பாலும் பெயருக்கு முன்னால் நிற்கிற சின்னச் சொல்லில் ஒட்டிக்கொள்ளும். வித்தியாசம் அதுதான்.

பால் பாகுபாடு கஷ்டம், அதை மறைக்க மாட்டேன். மேசை ஆண், விளக்கு பெண், புத்தகம் அஃறிணை. மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. 'தாஸ் மேட்ஷென்', அதாவது சிறுமி, இலக்கணப்படி அஃறிணை என்றதும் வகுப்பே கொந்தளிக்கும். நான் கேட்பது இதுதான்: குழந்தை அழுதான் என்றா சொல்கிறோம்? குழந்தை அழுதது என்கிறோம். யாரும் குழந்தையைக் கீழாக நினைப்பதில்லை.

உச்சரிப்பில் ஒரு குறிப்பு. 'உ' மேல் இரட்டைப் புள்ளி வைத்த எழுத்துக்கு, வாயை 'உ' சொல்வதுபோல் குவித்துக்கொண்டு உள்ளே 'இ' சொல்லுங்கள். கண்ணாடி முன்னால் ஒரு வாரம் போதும்.

ஊக்கக் கடிதத்தில் (மோட்டிவேஷன் லெட்டர்) என்ன எழுதுவது?

எல்லாம் இங்கேதான் இருக்கிறது. மதிப்பெண்ணும் சான்றிதழும் உங்களைக் குவியலுக்குள் சேர்க்கும், குவியலிலிருந்து எடுக்க வைப்பது இந்தக் கடிதம். தேர்வுக் குழு உங்கள் படிப்பு, ஜெர்மன் அறிவு, ஏன் போக விரும்புகிறீர்கள் என்கிற காரணம் எல்லாவற்றையும் பார்க்கும். அந்தக் காரணத்தைச் சொல்ல இந்த ஒன்றிரண்டு பக்கத்தைத் தவிர உங்களுக்கு வேறு இடமில்லை.

என் முதல் கடிதம் இப்படித் தொடங்கியது: 'ஜெர்மனி தொழில்நுட்பத்தில் முன்னேறிய நாடு. அதன் பண்பாடு என்னைச் சிறுவயதிலிருந்தே கவர்ந்தது.' இதில் ஒரு வார்த்தைகூட என்னுடையது இல்லை. சிறுவயதில் எனக்கு ஜெர்மனி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கிடைக்கவில்லை.

அடுத்த வருஷம் உண்மையை எழுதினேன். எங்கள் அப்பா ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஒருநாள் ஜெர்மன் கம்பெனியிலிருந்து வந்த ஒரு தாளைப் படி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார், பதனிடும்போது எந்த ரசாயனம் எவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிற பட்டியல். 'நீதான் ஜெர்மன் படிக்கிறியே, இதைக் கொஞ்சம் பாரு' என்றார். நான் அப்போது ஏ2. இருபது வரியில் மூன்று சொல் புரிந்தது. எங்கள் வட்டாரத் தோலுக்கும் ஜெர்மனிக்கும் இது பழைய கதை. 1989 கடைசியில் அவர்கள் பி.சி.பி. (பென்டாகுளோரோஃபீனால்) என்ற பதப்படுத்தும் ரசாயனத்தைத் தடை செய்தார்கள், 1994-ல் சில அசோ சாயங்களைத் தடை செய்தார்கள். இரண்டு தடவையும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எல்லாம் ஆடிப்போயின. அங்கே சட்டம் ஒரு மொழியில் எழுதப்படுகிறது, இங்கே அதற்குக் கட்டுப்படுகிறவர்கள் அதைப் படிக்க முடியாமல் அடுத்தவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அந்தத் தாளை அப்பாவுக்கு நானே படித்துச் சொல்ல வேண்டும் என்று எழுதினேன். ஒன்றரைப் பக்கம். கிடைத்தது.

உங்களுக்குத் தோல் கதை வேண்டாம், உங்கள் கதை வேண்டும். மருத்துவமனைகள் நிறைந்த ஊர் இது. ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போகிற அக்காவுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தே தான் மொழி கற்ற பெண் ஒருத்தி எனக்குத் தெரியும், அதையே எழுதினாள். திருக்குறளைக் கார்ல் கிரவுல் 1856-ல் ஜெர்மனில் மொழிபெயர்த்தார், அதில் பத்துக் குறளைத் தமிழோடு வைத்துப் பார்க்க ஆசை என்று ஒருவர் எழுதலாம். எதுவானாலும் சரி, அந்த ஆசைக்கும் நீங்கள் தேர்ந்தெடுக்கும் படிப்புக்கும் தொடர்பு தெரிய வேண்டும். திரும்பி வந்தபின் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதையும் இரண்டு வரியில் எழுதுங்கள்.

ஜெர்மனிலேயே எழுதுங்கள், நீங்களே எழுதுங்கள். பிழையை ஆசிரியர் குறித்துக் கொடுக்கலாம், திருத்துவது நீங்களாக இருக்கட்டும். பி1 மாணவர் சி2 ஜெர்மனில் எழுதியிருந்தால் படிக்கிறவருக்கு முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவது?

உங்களை நேரில் தெரிந்த ஆசிரியரிடம். துறைத் தலைவர், முதல்வர் என்று பதவியைப் பார்த்து ஓடாதீர்கள். அவருக்கு உங்கள் முகமே தெரியாது என்றால் அந்தக் கடிதத்தில் 'நல்ல மாணவர், ஒழுக்கமானவர்' என்பதற்குமேல் ஒன்றும் வராது. நீங்கள் வகுப்பில் என்ன கேட்டீர்கள், எதில் திணறி எப்படித் தேறினீர்கள் என்று சொல்லக்கூடிய ஜெர்மன் ஆசிரியர்தான் சரியான ஆள். மூன்று வாரம் முன்னாடியே கேளுங்கள். கடைசி நாளுக்கு முந்தின இரவு சாருக்கு வாட்ஸாப் அனுப்புவது மரியாதை இல்லை.

எனக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் இல்லை. படிவத்தில் என்ன போடுவது?

நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தலைவலி இது. மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. ஜெர்மன் படிவத்தில் 'ஃபோர்நாமெ' என்பது உங்கள் பெயர், 'நாக்நாமெ' என்பது குடும்பப் பெயர். பாஸ்போர்ட்டில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் எழுதுங்கள், மொழித் தேர்வுக்குப் பதிவு செய்யும்போதும்கூட. அதனால் பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால் பி1 தேர்வுக்கு முன்னாடியே எடுத்துவிடுங்கள், அதற்குச் சென்னை போகத் தேவையில்லை, வேலூர் தலைமை அஞ்சலகத்திலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போடுவதா வேண்டாமா என்று வீட்டில் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். பிறகு மாற்றாதீர்கள்.

என் சி.ஜி.பி.ஏ. 8. அது அங்கே நல்ல மதிப்பெண்ணா?

ஜெர்மனியில் 1 தான் உச்சம், 4 தேர்ச்சி, அதற்குமேல் போனால் தோல்வி. மாற்றுவதற்கு ஒரு சூத்திரம் உண்டு: உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்களுடையதைக் கழித்து, அதை உச்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். 10-க்கு 8, தேர்ச்சி 5 என்றால் 2.2 வரும். நல்ல மதிப்பெண்தான். அரியர் இருந்தால் முதலில் அதை முடியுங்கள், மதிப்பெண் பட்டியல் முழுசாகத்தான் போகும்.

ஏஜென்ட் ஒருவர் 25,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

வேண்டாம். டி.ஏ.ஏ.டி. விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. அவர்களுடைய இணையதளத்தில் நீங்களே கணக்குத் தொடங்கி, நீங்களே படிவம் நிரப்பி, நீங்களே பதிவேற்றலாம். 'எங்களுக்கு உள்ளே ஆள் இருக்கிறது' என்று சொல்லி ஒரு பையனிடம் பணம் வாங்கி, அவனுக்கும் இன்னும் நாலு பேருக்கும் ஒரே கடிதத்தைப் பெயர் மட்டும் மாற்றிக் கொடுத்ததை என் கண்ணால் பார்த்தேன். அந்தப் பையனின் அம்மா வளையலை அடகு வைத்துக் கொடுத்த பணம் அது. நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. பணம் செலவு செய்ய வேண்டும் என்றால் பி1 வகுப்புக்குச் செலவு செய்யுங்கள்.

எந்த ஊர்ப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது?

பெர்லின், மியூனிக் என்று தெரிந்த பெயராகப் பார்த்து எல்லோரும் அங்கேயே போட்டுவிடுகிறார்கள். பெரிய நகரத்தில் அறை வாடகை தொகையில் பாதியைத் தின்றுவிடும், அப்புறம் கடையில் நீங்கள் ஜெர்மனில் பேசினால் அவர்கள் ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள். நடுத்தர ஊர்தான் மொழிக்கு நல்லது.

எனக்குப் பிடித்த இரண்டைச் சொல்கிறேன். ஹைடல்பெர்க், அங்கே 1962-லிருந்து தெற்காசிய நிறுவனம் இருக்கிறது, தமிழ் சொல்லிக்கொடுக்கிறார்கள், நெக்கார் ஆற்றங்கரையில் ஒரு ஜெர்மன் மாணவர் 'வணக்கம், சாப்பிட்டீங்களா' என்று கேட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இன்னொன்று லைப்ஸிக். ரயிலில் சிறிது நேரத்தில் ஹல்லே போய்விடலாம். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கிய ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்குவை உருவாக்கிய ஊர் அது. அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-ல் அங்கேதான் அச்சானது, பிராங்கெ அறக்கட்டளையில் தமிழ் ஓலைச்சுவடிகள் இன்னும் இருக்கின்றன. நான் போனபோது அந்தக் கட்டடத்தின் முற்றத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நம் எழுத்து அவ்வளவு தூரம் போய் முந்நூறு வருஷமாகப் பத்திரமாக இருக்கிறது.

விசா?

90 நாளுக்கு உட்பட்டது என்பதால் ஷெங்கன் விசா, சென்னையிலேயே விண்ணப்பிக்கலாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து போடலாம், கடைசி 15 நாளுக்குள் போகாதீர்கள். உதவித்தொகைக் கடிதத்தை மேலே வையுங்கள்.

கடைசி நாள் எப்போது?

அடுத்த கோடைக்கான விண்ணப்பம் முந்தின ஆண்டே முடிந்துவிடும், வழக்கமாகக் குளிர்காலத் தொடக்கத்தில். ஆகஸ்டிலிருந்தே இந்தியாவுக்கான அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருங்கள். இரவு பன்னிரண்டு வரை என்று போட்டிருந்தால் அது ஜெர்மன் நேரம், அப்போது நமக்கு விடியற்காலை நாலரை. அதை நம்பி உட்காராதீர்கள், கடைசி இரவில் கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்?

வீட்டில் விட மாட்டேன் என்கிறார்கள், நான் பெண் பிள்ளை.

அப்பா அம்மாவை உங்கள் ஜெர்மன் ஆசிரியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். முன்பு போய் வந்த ஒரு அக்காவிடம் அம்மாவைப் பேச வையுங்கள், அது நூறு காகிதத்துக்குச் சமம். தங்குமிடம் என்ன, காப்பீடு யார் கட்டுகிறார்கள், எந்தத் தேதியில் திரும்புகிறீர்கள் என்று ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள். எங்கள் வீட்டில் அந்தத் தாளை அப்பா சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

அப்படியே அங்கே முதுகலை படிக்க வழி இருக்கிறதா?

கோடைப் படிப்பு முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும், முதுகலை வேறு விண்ணப்பம். டி.ஏ.ஏ.டி.யின் முதுகலை உதவித்தொகை இப்போது மாதம் 992 யூரோ. உதவித்தொகை இல்லாமல் போகிறவர்கள் வருடத்துக்கு 11,904 யூரோவை முடக்கப்பட்ட கணக்கில் (மாதாமாதம் ஒரு பகுதியை மட்டும் எடுக்க விடும் வங்கிக் கணக்கு) காட்ட வேண்டும். இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து ஏ.பி.எஸ். சான்றிதழும் (உங்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது) தேவை, கட்டணம் 18,000 ரூபாய். அங்கே சேர்ந்தபின் 'டாய்ச்லாண்ட் ஷ்டிபெண்டியும்' என்று மாதம் 300 யூரோ தருவது உண்டு, வெளிநாட்டு மாணவர்களும் கேட்கலாம். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை, பாடன் வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது வாங்குகிறது.

கிடைக்கவில்லை என்றால்?

அடுத்த வருஷம் மறுபடி போடுங்கள். பழைய கடிதத்தை எடுத்து, வேறு யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கக்கூடிய வரிகளை எல்லாம் பென்சிலால் அடியுங்கள். என்னுடையதில் நாலு வரிதான் மிஞ்சியது, அதிலிருந்துதான் இரண்டாவது கடிதத்தைத் தொடங்கினேன். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் எனக்குச் சௌகரியம்.